ஒன்பதாம் தடம்

சோளமணி அளவுதான்.
அறுவை அறையிலிருந்து என் மேசைக்கு
நாற்பத்தோரு படி.
மின்தூக்கியை நம்புவதில்லை.
பனிநீர்க் குடுவையை மார்போடு அணைத்து
இறங்கி ஓடிவருகிறேன்.

எனக்குப் பெயர் தெரியக் கூடாது.
குடுவையில் எண் மட்டும்.
ஆனால் ஒலிபெருக்கியை யாரோ அணைக்க மறந்திருந்தார்கள்.
மண்டை திறந்து, விழித்துக் கிடந்த மனிதர்
நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.
மார்ஸ் சதுக்கம். தீயணைப்பு நிலையம். ரொட்டிக்கடை முனை.
மருத்துவர் மின்முனையால் ஓரிடம் தொட,
குரல் நின்றது.
கையை எடுக்க,
மறுபடி ரொட்டிக்கடை முனை.
அந்த இடத்தை வெட்டாமல் விட்டார்கள்.

செகெத் நகரத்தில் ஒன்பதாம் தடத்து டிராலிபஸ்ஸில்
போய்வந்த எவருக்கும் தெரியும் அந்தக் குரல்.
வெண்டெல்.
வளைவில் கம்பம் கம்பியை விட்டு நழுவினால்
கையுறை மாட்டி இறங்கி
பின்னால் போய்க் கயிறு இழுப்பவர்.
அதுவரை நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடி நுனி.
குழாயின் மறுமுனை என் வாயில்.
செல்லைத் தொட்டதும் மூச்சை உள்ளிழுக்கிறேன்,
முத்தத்தில் பாதி.
ஒட்டிக்கொள்கிறது.

நரம்பு செல் பேசும், தெரிந்ததுதான்.
திரையில் கோடு துள்ளும்.
பக்கத்தில் இருப்பது புற்று.
நரம்பைத் தாங்கிப் பிடிக்கும் செல்களின் குலம்,
வேலியின் வம்சம்.
கல்லூரியில் அது ஊமை என்று படித்தேன்.

கோடு குழிந்தது.
மேசையை யாராவது இடித்தார்களா என்று பார்த்தேன்.
நரம்பை மறுபடி தட்டினேன்.
மறுபடி குழிந்தது.
வேறு ஊர்களில் இதைக் கண்டு எழுதியவர்கள் உண்டு.
படிப்பது வேறு,
கண்ணெதிரே குழிவது வேறு.

கம்பம் நீட்டிக் கம்பியைத் தொட்டிருக்கிறது.
அவர் நினைக்கும்போதெல்லாம் இதற்கு மின்சாரம்.
ரொட்டிக்கடை முனை என்றால் ஒரு வாய்.
மனைவி பெயர் என்றால் ஒரு வாய்.
எதிரி என்று எழுதுகிறார்கள்.
எதிரி வாசலில் நிற்பான்.
இது பந்தியில் உட்கார்ந்திருக்கிறது,
இலை போட்டு.

காபி இயந்திரத்தருகே ஓர்ஷோல்யா பிடித்துக்கொண்டார்.
செய்தித்தாளில் ஏதோ துணுக்குப் படித்திருக்கிறார்.
"நினைப்பைத் தின்று வளருமாமே?
மூணு வாரமா வீட்டில் வானொலி வைக்கலை.
சீட்டுக்கட்டை ஒளிச்சு வச்சிட்டேன்.
பேச்சே கொடுக்கறதில்லை.
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார்.
இன்னும் எதை நிறுத்தட்டும்?"

நான் மருத்துவர் இல்லை.
வலிப்புக்குத் தரும் பழைய மருந்தில் ஒரு சொட்டு விட்டால்
என் கிண்ணத்தில் கோடு நேராகிறது.
கிண்ணம் மனிதர் இல்லை.
மனிதரிடம் கேட்டுப் பார்க்க ஆண்டுகள் ஆகும்,
கட்டுக் கட்டாய்க் கையெழுத்து,
பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை.
இதில் எதையும் சொல்லவில்லை.
வானொலியைப் போடுங்கள் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
தான் காசு போட்டு எடுத்த காபியை
என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மாலை ஏழு.
துண்டில் செல்கள் ஒவ்வொன்றாய் ஊதி வெளிறுகின்றன.
ஒன்று மட்டும் இன்னும் துள்ளுகிறது,
எந்த நிறுத்தமோ.
விதிப்படி ஆறரைக்கே
காற்றுக்குமிழை அணைத்திருக்க வேண்டும்.
அது ஓயும்வரை அணைக்கவில்லை.

வெளியே பனித்தூறல்.
வளைவில் ஒன்பதாம் தடம் நிற்கிறது,
கம்பம் அந்தரத்தில்.
புது ஓட்டுநர், சின்னப் பெண், கயிற்றை இழுக்கிறாள்,
தவறுகிறது, வாய்க்குள் திட்டுகிறாள், இழுக்கிறாள்.
நீலப் பொறி.
உள்ளே விளக்கெரிந்து
எல்லோர் முகமும் தெரிந்தது.

ஏறிக்கொண்டேன்.
ரொட்டிக்கடை முனையில் இறங்க வேண்டியவள்
தாண்டிப் போய்விட்டேன்.